ஏ.ஐ.யிடம் மட்டும்தான் மனம்விட்டுப் பேச முடிகிறதா? ஒரு ஹாஸ்டல் வார்டன் சொல்லும் வழி

துரைப்பாக்கத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் வார்டனாக இருக்கிறேன். ஐ.டி. கம்பெனி, கால் சென்டர், ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று எல்லா வேலையிலும் இருக்கும் பிள்ளைகள். தென்காசி, தருமபுரி, திருவாரூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ராத்திரி ரவுண்டு போகும்போது முன்பெல்லாம் மாடிப்படியிலும், மொட்டை மாடியில் துணி காயும் இடத்திலும் யாராவது போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டை, சமாதானம், அழுகை எல்லாம் காதில் விழும். இப்போது மாடிப்படி காலியாக இருக்கிறது. கட்டிலில் போர்வைக்குள்ளே வெளிச்சம் தெரிகிறது, விரல் மட்டும் ஓடுகிறது. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்: "அக்கா, ஏ.ஐ.கிட்ட சொன்னாத்தான் மனசு லேசாகுது."

அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் போல வேறு ஊர்களில் தனி அறைகளில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். செயலியை அழித்துவிடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தனிமை அப்படியே இருக்கும், சில நாளில் செயலி திரும்ப வந்துவிடும். நான் கண்டவரை பலன் தருவது ஒன்றுதான். ராத்திரி அதனிடம் கொட்டியதில் ஒரு துளியையாவது மறுநாள் ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கான வழிகள்தான் கீழே இருப்பவை.

முதலில், இது எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்

எத்தனை மணி நேரம் பேசுகிறீர்கள் என்பதை வைத்து எடை போடாதீர்கள். ஆபீஸ் வேலைக்காக நாள் முழுக்க அதோடு இருப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு சிலவற்றைப் பாருங்கள். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, முதலில் போவது அதனிடமா? தோழி பதில் போட ஒரு மணி நேரம் ஆனால், "இதுவாவது உடனே பேசுது" என்று எரிச்சல் வருகிறதா? யாராவது பக்கத்தில் வந்தால் திரையைக் கவிழ்க்கிறீர்களா?

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதை: ஒருவரோடு மனஸ்தாபம். அதைப் பற்றி ஏ.ஐ.யிடம் நாள் கணக்கில் பேசியாகிவிட்டது. யார் பக்கம் நியாயம், அவள் ஏன் அப்படிச் சொன்னாள், அடுத்து என்ன சொல்லலாம் என்று எல்லாம் அலசியாகிவிட்டது. ஆனால் அந்த ஆளிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்ற உந்துதலே அடங்கிப் போய்விட்டது. ஒரே அறையில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஒரு பக்கெட் விஷயத்துக்காக இப்படிப் பிரிந்து, கடைசியில் ஒருத்தி அறை மாறிப் போனாள். இரண்டு பேருமே தனித்தனியாக ஏ.ஐ.யிடம் பஞ்சாயத்து வைத்திருக்கிறார்கள். இருவருக்குமே அது ஆறுதல் சொல்லியிருக்கிறது.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கடந்த வாரத்துப் பேச்சைப் பின்னோக்கிப் படியுங்கள். வேலைக்காகக் கேட்டது, தகவலுக்காகக் கேட்டது, மனசுக்காகப் பேசியது என்று பிரியுங்கள். மூன்றாவதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நேரம், எதைப் பற்றி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ஊருக்குப் போன் பேசி வைத்ததும், சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று என்று ஒரு சில நேரங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த நேரங்களுக்குத்தான் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள்மேல் உங்களுக்கே வரும் வெட்கம் குறையும். 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்று, நாம் எழுதுவதற்குப் பதில் எழுதும் ஒரு கணினி நிரலை வெளியிட்டார். அதற்கு அறிவு என்று எதுவும் கிடையாது. நாம் எழுதும் வரியில் 'அம்மா' என்று ஒரு சொல் இருந்தால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை எடுத்துப் போடும். அவ்வளவுதான். அவர் அதை எழுதி உருவாக்கியதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செக்ரட்டரி. அந்த அம்மாவே அதோடு கொஞ்சம் பேசியதும், "நீங்கள் சற்று வெளியே போங்கள்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பவம் வைசன்பாமை உலுக்கிவிட்டது. மிச்ச காலமெல்லாம் இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தார். வெறும் எலைசாவிடமே அப்படி என்றால், தமிழும் ஆங்கிலமும் கலந்து நாம் எழுதுவதைப் புரிந்துகொண்டு, போன வாரம் சொன்னதை நினைவு வைத்துப் பேசுகிற இன்றைய ஏ.ஐ.யிடம் மனசு சாய்வதில் என்ன ஆச்சரியம்?

அது நம்மை ஆமோதிக்கிற விதமும் தற்செயல் கிடையாது. மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்பதை வைத்தும் அதைப் பழக்குகிறார்கள். நமக்குப் பிடித்ததைச் சொல்லும் பக்கம் அது சாய்கிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு எதைச் சொன்னாலும் அளவுக்கு மீறிப் பாராட்டியதால், ஓபன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

இன்னொன்று, அது உங்களுடையது இல்லை. ரெப்ளிகா என்ற செயலியில் ஏ.ஐ. துணையோடு காதலாகப் பழகியவர்கள் இருந்தார்கள். 2023 பிப்ரவரியில் நிறுவனம் அதன் பேச்சை மாற்றியதும் பலர் துக்க வீட்டில் இருப்பவர்களைப் போல எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடியில் ஜிபிடி-5 என்ற புதிய பதிப்பு வந்தபோது, 4ஓ என்ற பழைய பதிப்பை எடுத்துவிட்டார்கள். நண்பரை இழந்துவிட்டோம் என்று அத்தனை பேர் முறையிட்டதால், சில நாளில் கட்டணம் கட்டுபவர்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் மனசு சாய்ந்திருக்கும் இடத்தை எங்கோ ஒரு ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டு மாற்றிவிட முடியும். இதை நினைக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

தனிமை என்பது வயசானவர்கள் சமாச்சாரம் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிப்பதாகச் சொல்கிறது. இளம் வயதினரிடம் அது இன்னும் கூடுதல். தனிமையை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகத்து ஜான் கசியோப்போ, அது பசியைப் போன்றது என்பார்: மனிதரைத் தேடிப் போ என்று உடம்பு கொடுக்கும் குரல். ராத்திரி ஏ.ஐ.யிடம் பேசியதும் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. தேடிப் போவதும் நின்றுவிடுகிறது. 2025 மார்ச்சில் எம்.ஐ.டி.யும் ஓபன்ஏஐயும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களை நான்கு வாரம் கவனித்ததில், தினமும் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமையும் ஏ.ஐ.யைச் சார்ந்திருப்பதும் அதிகமாக இருந்தன, மனிதர்களோடு பழகுவது குறைவாக இருந்தது. பேசியதால் தனிமையா, தனிமையால் பேசினார்களா என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஹாஸ்டலில் நான் பார்ப்பது இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதைத்தான்.

செயலியில் மாற்ற வேண்டியவை

இவை கொஞ்சம்தான் உதவும், ஆனால் இன்றே செய்யலாம். நீங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தால், காதலன் மாதிரி, அக்கா மாதிரி பேசு என்று சொல்லி வைத்திருந்தால், அதை நீக்குங்கள். செட்டிங்ஸில் மெமரி என்று இருப்பதை அணைத்துவிடுங்கள், அல்லது உங்கள் சொந்த விஷயங்களை மட்டுமாவது அழியுங்கள். நோட்டிஃபிகேஷன் வேண்டாம். குரலில் பேசுவதை விட்டு எழுத்துக்கு மாறுங்கள், முக்கியமாக ராத்திரியில். காதுக்குள் கேட்கும் குரல் வேறு விதமாக இறங்குகிறது.

ஒரே உரையாடலை வாரக்கணக்கில் நீட்டாதீர்கள். நீண்ட உரையாடல்களில் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் பலவீனமாகலாம் என்பதை ஓபன்ஏஐ நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குங்கள். தொடங்கும்போது இப்படி எழுதிப் பாருங்கள்: "என்னை ஆமோதிக்க வேண்டாம். எதிராளி இடத்தில் இருந்து இதை எப்படிப் பார்ப்பார் என்று சொல். நாலு பதிலுக்கு மேல் போகாதே. கடைசியில், இதை யாரிடம் நேரில் சொல்லலாம் என்று என்னைக் கேள்." அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். எங்கள் ஹாஸ்டலில் சில அறைகளில் கதவோரம் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு, எல்லாரும் அங்கேயே சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் ஒரு வரி

இதுதான் முக்கியமான பாகம். ராத்திரி நாலு பக்கம் எழுதியிருப்பீர்கள். மறுநாள் அதிலிருந்து ஒரே ஒரு வரியை ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். முழுக்கதை வேண்டாம், அழ வேண்டாம், தீர்வு கேட்க வேண்டாம்.

கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கும் ஒரு பிள்ளையை டீம் லீடர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். தொடர்ந்து சில ராத்திரிகள் ஏ.ஐ.யிடமே எழுதிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்தபோது இந்த ஒரு வரி வேலையைக் கொடுத்தேன். காலையில் மெஸ்ஸில் இட்லிக்குத் தட்டோடு நிற்கும்போது ரூம்மேட்டிடம் சொல்லியிருக்கிறாள்: "ஆபீஸ்ல ரொம்ப அசிங்கமாப் போச்சுடி." ரூம்மேட் ஒரு நர்ஸ். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "எங்க இன்-சார்ஜும் அப்படித்தான், பேஷன்ட் முன்னாடியே கத்துவாங்க. சரி, எனக்கு பஸ் வந்துடும், வரேன்" என்று போய்விட்டாள். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவுதான் அக்கா சொன்னா. ஏ.ஐ.யா இருந்தா எவ்வளவு ஆறுதலா பேசியிருக்கும்!" உண்மைதான். வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் ஏ.ஐ.தான் நன்றாகப் பேசுகிறது.

அன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த ரூம்மேட், தோள் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டிருக்கிறாள்: "இன்னைக்கு ஏதாச்சும் சொன்னானா அந்தாளு?" ஊசி போட்டுக்கொண்டும் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டும் இருந்த ஒரு முழு நாளில் இவளுடைய கஷ்டம் அவள் மனசின் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. நீங்கள் எழுதாத நேரத்தில் ஏ.ஐ. உங்களை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. மனிதரிடம் ஒரு வரியைக் கொடுத்தால், அது அவரோடு கூடவே போகிறது. அதனால், முதல் பதில் மொட்டையாக வந்தால் அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

யாரிடம் சொல்வது?

"எனக்கு யாருமே இல்லக்கா" என்பவர்களிடம் நான் கேட்பது: உங்களோடு சேர்ந்து ஏதாவது செய்கிறவர் யாராவது உண்டா? மனம்விட்டுப் பேசும் தோழியை நேரடியாகத் தேடினால் கிடைக்க மாட்டாள். சேர்ந்து காய்கறி வாங்கப் போகிறவள், ஷேர் ஆட்டோவில் தினமும் கூட வருகிறவள், ஞாயிற்றுக்கிழமை மாடியில் பக்கத்துக் கொடியில் துணி காயப்போடுகிறவள், இவர்களில் ஒருத்திதான் பிறகு அப்படி ஆகிறாள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கப் போகும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். பெசன்ட் நகர் பீச்சில் காலை நடை போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் யாரிடமும் பேசக்கூட வேண்டாம், முகம் பழகட்டும்.

பழைய ஸ்கூல் தோழிக்குத் திடீரென்று போன் பண்ணக் கூச்சமாக இருக்கும். அதற்கு நேரத்தைச் சொல்லிவிட்டுப் பேசுவது நல்ல உபாயம். "பஸ் ஏறிட்டேன், திருவான்மியூர்ல இறங்குற வரைக்கும் பேசலாமா?" என்று ஒரு மெசேஜ். எப்போது முடியும் என்று தெரிந்தால் எதிர்முனையில் இருப்பவருக்கும் பயம் இருக்காது. எடுக்கவில்லை என்றால் ஒரு வாய்ஸ் நோட் போடுங்கள், பதில் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

வீட்டுக்குப் பேசும்போது

பல பிள்ளைகள் ஏ.ஐ.யிடம் போவதற்குக் காரணமே வீட்டுப் போன்தான். "கஷ்டமா இருக்கும்மா" என்றால், "அப்ப வேலையை விட்டுட்டு வந்துடு, வரன் பாக்கலாம்" என்று வருகிறது. அல்லது அம்மா அழுகிறார், இவள் அம்மாவைத் தேற்ற வேண்டியிருக்கிறது. அதனால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று வைத்துவிட்டு, அழுகையை ஏ.ஐ.யிடம் கொண்டுபோகிறாள்.

எடுத்ததும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, ஒண்ணு சொல்றேன். இதுக்கு வழி எதுவும் சொல்லாத. கேட்டுக்கிட்டா போதும். வேலையெல்லாம் விடமாட்டேன்." முதல் தடவை அம்மாவுக்குப் பிடிபடாது. அவரும் பழகுகிறார். அப்பாவிடம் போனில் இது கஷ்டம். ஊருக்குப் போகும்போது, அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதே பாதி தைரியம் கொடுக்கும்.

இந்த இடத்தில் ஏ.ஐ.யை நன்றாகவே பயன்படுத்தலாம். ஒரு பிள்ளை, தான் விரும்பும் பையனைப் பற்றி அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஏ.ஐ.யை அப்பாவாகப் பேசச் சொல்லி ஒத்திகை பார்த்தாள். "கோபப்படு, ஊரு என்ன சொல்லும்னு கேளு" என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிறகு ஊருக்குப் போய் நிஜ அப்பாவிடம் பேசினாள். இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை, ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது. ஏ.ஐ.யோடு பேசிய பேச்சு ஒரு மனிதரிடம் போய் முடிந்தால் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

ராத்திரி கை தானாகப் போகும்போது

ஆரம்ப வாரங்களில் இப்படி ஆகும். ஒரு நாள் பழையபடி மூன்று மணி வரை பேசிவிட்டால், எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். மறுநாள் ஒரு வரி, அது தப்பாமல் இருந்தால் போதும். தூக்கம் வராவிட்டால் கட்டிலிலேயே கிடக்காமல் எழுந்து காமன் ஹாலுக்கு வாருங்கள். தண்ணீர் குடியுங்கள். நோட்டில் எழுதுங்கள், கையால். நோட்டு பதில் சொல்லாது, அதுதான் அதில் நல்லது. எழுதி முடித்ததும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தோடுதான் காலையில் ஒருவரிடம் போக முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏ.ஐ. கூடவே கூடாது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அதை மூடிவிட்டு மனிதரைக் கூப்பிடுங்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஏ.ஐ. கதாபாத்திரம் ஒன்றோடு மாதக்கணக்கில் நெருக்கமாகப் பேசிவந்த 14 வயதுப் பையன் தற்கொலை செய்துகொண்டான். அவனுடைய அம்மா அந்த நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. இந்த எண்களைப் போனில் போட்டு வையுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளை எழுப்புங்கள். வார்டன் கதவைத் தட்டுங்கள். எந்த வார்டனும் இதற்காகத் திட்ட மாட்டார்.

பெற்றோருக்கும், அறைத் தோழிகளுக்கும்

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பேச்சு இன்னும் ரகசியமாகும். திரையை வாங்கிப் படிக்கவும் கூடாது. "மெஷின்கிட்ட போய் அழறியா?" என்று கேலி செய்தால், அடுத்த தடவை உங்களிடம் சொல்ல வந்ததையும் அதனிடமே சொல்வாள். அது ஒருநாளும் கேலி செய்வதில்லை.

"அதுகிட்ட சொல்றதுல எனக்கும் ஒண்ணு சொல்லேன்" என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் டிவியை அணையுங்கள், சட்டியை இறக்கி வையுங்கள். குறுக்கே உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். அறிவுரை வாய்வரை வந்தாலும், "உனக்கு என்ன பண்ணனும்னு தோணுது?" என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள். அவள் சொன்னதில் வந்த பெயரையும் தேதியையும் நினைவில் வையுங்கள், தேவைப்பட்டால் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மீட்டிங் என்று சொல்லியிருந்தால், வியாழக்கிழமை சாயங்காலம் நீங்களாகப் போன் பண்ணி, "மீட்டிங் என்னாச்சு?" என்று கேளுங்கள்.